ஜெய்பால் சிங் முண்டா பேசியதால் சட்டத்தில் ஏதாவது மாறியதா?

மேல்நிலை வாத்தியார் (கேள்வி)

அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்புக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். அரசியல் நிர்ணய சபை பாடத்தில் புத்தகத்தோடு நிற்காமல், 1946 டிசம்பர் 19 அன்று அந்தச் சபையின் பழங்குடி உறுப்பினர் ஜெய்பால் சிங் முண்டா பேசியதிலிருந்து சில பகுதிகளை வாசித்துக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் எங்களை ஜங்லி (காட்டான்) என்பார்கள், ஜங்லியாக இருப்பதில் எனக்குப் பெருமை என்று அவர் சொன்ன இடம். பழங்குடி மக்களுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத்தர முடியாது, அவர்களிடமிருந்துதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற இடம். வகுப்பு நன்றாகத்தான் கேட்டது. முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், அவர் பேசியதால் சட்டத்தில் எந்த வரி மாறியது?" என்றாள்.

நியாயமான கேள்வி. இணையத்தில் தேடினால் அதே நாலு மேற்கோள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சபைக்குள் அவர் உண்மையில் எதற்காக மல்லுக்கட்டினார், எதில் வென்றார், எதில் தோற்றார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடது ஓரம்

சட்டம் எனக்குத் தெரியாது, ஆக்கி தெரியும். மாணவர்களுக்கு ஆளை அறிமுகப்படுத்த இது உதவலாம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர் இவர். தியான்சந்த் ஆடிய அணி. போட்டி முழுவதும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஆனால் இறுதி ஆட்டத்தில் தலைவர் களத்தில் இல்லை, அதற்கு முன்பே அணியை விட்டு விலகிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து ஐ.சி.எஸ். (ஆங்கிலேயர் ஆட்சியின் உயர் நிர்வாகப் பணி) தேர்வானவர், அந்தப் பயிற்சியையும் பாதியில் விட்டார். குந்தி பக்கத்தில் டக்ரா கிராமத்தில் 1903-ல் பிறந்த முண்டா பையனுக்கு அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அதைத் தூக்கிப்போட்டவர், சபையில் யாருக்கும் பயப்படாமல் பேசியதில் ஆச்சரியம் இல்லை.

பழைய வக்கீல்

வாத்தியார் ஐயா, அந்தப் பெண்ணைச் சட்டம் படிக்கச் சொல்லுங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் கறுப்பு அங்கி போட்டவன். ஒரு பேச்சைக் கேட்டதும் "எந்த வரி மாறியது" என்று கேட்கிற குணம் எங்கள் ஜூனியர்களில் பாதிப் பேருக்கு வரவில்லை.

முதலில் அந்த உரை. நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது அவர் பேசினார், அதை ஆதரித்தும் பேசினார். எங்கள் மக்களின் வரலாறு முழுக்க, வெளியாட்கள் சுரண்டியதும் நிலத்தைப் பறித்ததும்தான், நடுநடுவே கலகங்கள். இருந்தாலும் பண்டித நேருவின் வாக்கை நம்புகிறேன், உங்கள் எல்லோருடைய வாக்கையும் நம்புகிறேன் என்றார். எல்லோரும் ஜங்லியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சாகப்போகும் நடவடிக்கைக் குறிப்பில், எதிராளியின் பெயரைச் சொல்லி, "நீ கொடுத்த வாக்கைப் பதிவு செய்கிறேன்" என்கிறார். வழக்குப் போடுவதற்கு முன் அனுப்புகிற நோட்டீஸ் அது. (அதே உரையில், இந்தச் சபையில் ஆண்கள் அதிகம், விஜயலட்சுமி பண்டிட்டைப் போன்ற பெண்கள் இன்னும் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இதை ஏனோ யாரும் பகிர்வதில்லை.)

உரை அத்தோடு முடிந்தது. ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு நாட்களின் குறிப்பைப் புரட்ட வேண்டும்.

ஒன்று, 1948 நவம்பர் 24. அரசியல் சட்டம் அரசுக்குச் சொல்லும் வழிகாட்டு நெறிகளில் மதுவிலக்கைச் சேர்க்கத் திருத்தம் வருகிறது. காந்தி மறைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தச் சபையில் மதுவிலக்கை எதிர்ப்பது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஜெய்பால் எழுந்து, இது இந்த நாட்டின் மிகப் பழைய மக்களின் சமய உரிமையில் கை வைப்பது என்கிறார். அவர் பேசியது சாராயக் கடையைப் பற்றி அல்ல. அரிசியைப் புளிக்கவைத்து வீட்டில் செய்யும் ஹண்டியாவைப் பற்றி. பிறப்பு, திருமணம், வழிபாடு எதுவும் அது இல்லாமல் நடக்காது. அதோடு நிற்கவில்லை. நாற்று நடும் வேலைக்குப் போய்விடுகிறார். மேற்கு வங்கத்தில் சந்தால்களுக்கு அரிசிக் கள் கிடைக்காவிட்டால் நடவே நடக்காது. கொட்டும் மழையில், போட்டுக்கொள்ளச் சரியான துணி இல்லாமல், நாள் முழுவதும் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நிற்கிறார்கள். அந்தக் கள்ளில் அப்படி என்னதான் இருக்கிறது, எது அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது என்று மருத்துவத் துறையினர் தங்கள் ஆய்வகங்களில் ஆராய்ந்து பார்க்கட்டும் என்கிறார். இதில் கிண்டலும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அந்தச் சேற்றில் இறங்காதவர்கள் உட்கார்ந்து, இறங்குகிறவன் என்ன குடிக்கலாம் என்று முடிவு செய்கிறீர்களே என்பதுதான் உள்ளே இருக்கும் பேச்சு.

அன்று தோற்றார். இன்றைய 47-ஆவது உறுப்பில் மதுவிலக்கு இருக்கிறது. அம்பேத்கர் அவருக்குச் சொன்ன பதிலின் சாரம்: அரசியல் சட்ட வரைவின் அட்டவணைகளில் பழங்குடியினருக்கு வேண்டிய பாதுகாப்பு இருக்கிறது, அச்சம் வேண்டாம். ஆறாம் அட்டவணையைப் பொறுத்தவரை அது உண்மை. வடிக்காத மதுவைப் பற்றிய சட்டம் எதுவும் மாவட்டக் கவுன்சில் சொல்லாமல் உள்ளே வராது என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் ஆறாம் அட்டவணை அன்று அசாம் மலைகளுக்கு உரியது. ஜெய்பாலின் சோட்டாநாக்பூர் (இன்றைய ஜார்க்கண்ட் பக்கம்) ஐந்தாம் அட்டவணையில் வருகிறது. அங்கே பாதுகாப்பு என்று கையில் இருந்தது பழங்குடியினர் ஆலோசனைக் குழு ஒன்றுதான்.

அந்தக் குழுவுக்கு என்ன நடந்தது என்பதுதான் உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரடிப் பதில். 1949 செப்டம்பர் 5. ஐந்தாம் அட்டவணை புதிய வடிவில் சபைக்கு வருகிறது. 1948 வரைவில், ஏதாவது ஒரு சட்டம் எங்கள் பகுதிக்கு வேண்டாம் என்று குழு அறிவுரை சொன்னால் ஆளுநர் அதன்படி அறிவிக்கை போடும் ஏற்பாடு இருந்தது. புதிய வடிவில் அந்தப் பிடி போய்விட்டது. ஆளுநர் அறிவிக்கை போடலாம். குழு சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. ஒழுங்குமுறை இயற்றுவதற்கு முன் குழுவைக் கலந்துகொண்டால் போதும். குழுவின் கடமை என்ன? ஆளுநர் எதை அனுப்புகிறாரோ அதைப் பற்றி அறிவுரை சொல்வது. அனுப்பாவிட்டால்? வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஜெய்பால் இதைச் சும்மா விடவில்லை, குழுவின் முதுகெலும்பை எடுத்துவிட்டீர்கள் என்ற பொருளில் முறையிட்டார். இத்தனைக்கும் அவர் வெளியாள் அல்ல. தக்கர் பாபா தலைமையில் அசாம் நீங்கலான பழங்குடிப் பகுதிகளுக்கான துணைக்குழு அமைந்தபோது அதில் உறுப்பினராக உட்கார்ந்தவர். அங்கே என்ன பேசி முடித்தார்கள் என்பது தெரிந்த ஆள், இரண்டு வருடம் கழித்து வந்த தாளில் எது காணாமல் போனது என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

சரி, தோல்விதானா எல்லாம்? இல்லை. முதுகெலும்பு போன பிறகும் ஐந்தாம் அட்டவணையில் ஒரு பல் மிஞ்சியது: பட்டியல் பகுதியில் (ஐந்தாம் அட்டவணையின் கீழ் அறிவித்த பழங்குடிப் பகுதி) பழங்குடியினரின் நிலம் கைமாறுவதைத் தடுக்க ஆளுநர் தனியே ஒழுங்குமுறை போடலாம். ஆந்திரத்தில் 1959-ல் அப்படி ஒன்று வந்தது, 1970-ல் அதை இறுக்கினார்கள். அங்கே கோர்ட்டில் "ஒன்றின் கீழ் எழுபது" (1970-ன் முதலாம் ஒழுங்குமுறை) என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். பட்டியல் பகுதியில் பழங்குடியல்லாதவர் நிலம் வாங்க முடியாது. 1997-ல் சமதா வழக்கில் உச்சநீதிமன்றம் அதே அடிப்படையில் ஒரு படி மேலே போய், அந்தப் பகுதியில் அரசு நிலத்தைக்கூடத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விட முடியாது என்றது.

இதன் அருமை எனக்கு எங்கே தெரிந்தது என்றால், ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கட்சிக்காரரின் காகிதத்தைப் பார்த்தபோது. இருபது ரூபாய் முத்திரைத்தாள். மேலே நாலு வரி எழுத்து, கீழே பாதித் தாள் காலி, காலி இடத்துக்கும் அடியில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. கைமாற்றாக வாங்கிய கடனுக்குக் கைநாட்டு என்று நினைத்து வைத்தாராம். பின்னால் அந்தக் காலி இடத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில், நிலத்தின் நாலு எல்லை ஏறியிருந்தது. சர்வே எண் உட்பட. இதே காகிதத்தை ஆந்திரத்தில் பட்டியல் பகுதியான விசாகப்பட்டினம் ஏஜென்சி மலைப்பகுதியில் நீட்டியிருந்தால் முதல் கேள்வியே, வாங்கியவர் பழங்குடியா என்பதாக இருந்திருக்கும். நம் மாநிலத்தில் பட்டியல் பகுதி என்று ஒரு சதுர அடிகூட இல்லை. நான் மோசடி, மிரட்டல், கையெழுத்து நிபுணர் என்று சுற்றி வளைத்து வருடக்கணக்கில் அலைந்தேன்.

கேள்விக்குறி

வக்கீல் ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஆளைக் கொஞ்சம் தூக்கித்தான் பிடிக்கிறீர்கள். 1952 தேர்தலில் சேவல் சின்னத்தில் நின்று பிகார் சட்டமன்றத்தில் முதன்மை எதிர்க்கட்சியாக வந்தது ஜார்க்கண்ட் கட்சி. மக்கள் அவ்வளவு நம்பினார்கள். 1955-ல் மாநில மறுசீரமைப்புக் குழு தனி மாநிலம் இல்லை என்றது. 1963-ல் இவர் கட்சியையே காங்கிரசில் கொண்டுபோய்க் கரைத்துவிட்டார். ஜார்க்கண்ட் 2000 நவம்பர் 15-ல் பிறந்தபோது அதற்காகத் தெருவில் நின்றவர்கள் வேறு ஆட்கள். சபையில் நன்றாகப் பேசினார், சரி. சொந்த மக்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டவரை மாணவர்களுக்கு நாயகனாகக் காட்ட வேண்டுமா?

பழைய வக்கீல்

1963-ஐ நான் நியாயப்படுத்த மாட்டேன். அது தப்பான கணக்கு. இணைந்தால் உள்ளே இருந்து மாநிலம் வாங்கலாம் என்று நினைத்திருப்பார். கட்சியும் போனது, மாநிலமும் வரவில்லை. சேவலுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 1970 மார்ச்சில் இறக்கும்வரை மக்களவை உறுப்பினராக இருந்தார் என்பதெல்லாம் அதற்கு ஈடாகாது.

ஆனால் வாத்தியார் ஐயா கேட்டது கட்சித் தலைவரைப் பற்றி அல்ல, சபை உறுப்பினரைப் பற்றி. இரண்டும் தனித்தனிக் கணக்கு. கட்சி நடத்தத் தெரியாதவன் நல்ல சட்டமன்ற உறுப்பினனாக இருக்கலாம். நான் இரண்டாவதை எடைபோட எடுத்துக்கொள்வது கைதட்டலை அல்ல, அவர் தோற்ற திருத்தங்களை. தோற்ற திருத்தம் குறிப்பில் அப்படியே கிடக்கும். பின்னால் வருகிறவன் அதை எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் மேலே சொல்லாமல் விட்டேன். 1996 டிசம்பரில் நாடாளுமன்றம் பெசா சட்டம் இயற்றியது. பஞ்சாயத்து முறையைப் பட்டியல் பகுதிகளுக்கு நீட்டிக்கிற சட்டம். அதற்கு அடிப்படையாக அமைந்த குழுவுக்குத் தலைவர் திலீப் சிங் பூரியா, அவரும் பழங்குடி மக்களவை உறுப்பினர். அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் ம என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. ஆங்கிலப் படியில் எம். கிராம சபைக்கும் பஞ்சாயத்துக்கும் எந்தெந்த அதிகாரம் என்று வரிசையாகச் சொல்கிறது. முதல் அதிகாரம் என்ன தெரியுமா? மதுவிலக்கை அமல்படுத்துவது அல்லது போதை தரும் எதன் விற்பனையையும் நுகர்வையும் ஒழுங்குபடுத்துவது. விலக்கா வேண்டாமா என்பதை ஊரே முடிவு செய்யும். 1948 நவம்பரில் அந்த மனிதர் தொண்டை வற்றக் கேட்டது இதைத்தான். அவர் போய் இருபத்தாறு வருடம் கழித்து, முதல் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே வரிசையில் பின்னால் நிலம் பறிபோவதைத் தடுப்பதும், வட்டிக்குக் கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்துவதும் வருகின்றன.

இதற்கும் அவருடைய பேச்சுக்கும் நேரடிக் கோடு போட்டுக் காட்ட முடியுமா என்று கேள்விக்குறி கேட்பார். கோர்ட்டில் முடியாது. ஆனால் கோரிக்கை அதே கோரிக்கை.

காட்டுப்பாதை

வன உரிமை மனுக்களில் உதவி செய்கிறவள் நான். வக்கீல் ஐயா விட்ட இடத்திலிருந்து ஒன்று. "ஜனநாயகத்தை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்" என்பதை அலங்காரப் பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு நியமகிரியைச் சொல்லுங்கள். ஒடிசாவில் பாக்சைட் சுரங்கத்துக்காக அந்த மலையைக் கேட்டார்கள். 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. பன்னிரண்டு கிராமங்களில் சபை கூடியது. எண்ணிப் பார்த்தால் சின்னச் சின்ன ஊர்கள். மாவட்ட நீதிபதி முன்னிலையில், டோங்கிரியா கோண்ட் மக்கள் ஒவ்வொருவராக எழுந்து அவரவர் மொழியில் பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை.

மதுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹண்டியா வேறு, ஊருக்குள் பாக்கெட்டில் வரும் சாராயம் வேறு. மலை ஊர்களில் அந்தப் பாக்கெட்டை எதிர்த்து முதலில் கூட்டம் போடுகிறவர்கள் பெண்கள்தான். ஜெய்பாலின் பேச்சை "பழங்குடியினருக்குக் குடி வேண்டும்" என்று சுருக்கிவிடாதீர்கள். யார் முடிவு செய்வது என்பதுதான் அங்கே வழக்கு.

மேல்நிலை வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. மேற்கோள் தேடி வந்தவனுக்கு ஒரு பருவத்துக்கான பாடமே கிடைத்துவிட்டது. 1948 வரைவிலிருந்து குழுவைப் பற்றிய பத்தியையும், இப்போதுள்ள ஐந்தாம் அட்டவணையின் 4, 5 பத்திகளையும் அருகருகே அச்சடித்துக் கொடுக்கப்போகிறேன்; எது காணோம் என்று அவர்களே தேடட்டும். கேள்விக்குறி சொன்ன 1963-ஐயும் மறைக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நம் மாநிலத்தில் பட்டியல் பகுதி இல்லை என்றீர்கள். அப்படியானால் அந்த ஆலோசனைக் குழுவும் நமக்கு இல்லையா?

பழைய வக்கீல்

இருக்கிறது ஐயா. பட்டியல் பகுதி இல்லாமல் பட்டியல் பழங்குடியினர் மட்டும் உள்ள மாநிலங்களிலும், குடியரசுத் தலைவர் உத்தரவிட்டால் குழு அமைக்கலாம் என்று 4-ஆவது பத்தியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் குழு அப்படித்தான் வந்தது, மேற்கு வங்கத்திலும் அப்படியே. இருபது பேருக்கு மேல் போகக்கூடாது, கூடியவரை முக்கால் பங்கு பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். நம்மிடம் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். மக்களவையில் நாடு முழுக்க 47 தொகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், நம் பங்கு சுழியம். ஆகவே குழுவின் மீதி இடங்களைச் சட்டமன்றத்தில் இல்லாத பழங்குடியினரைக் கொண்டு நிரப்புவார்கள். அதற்கும் விதி இருக்கிறது.

குழு கடைசியாக எப்போது கூடியது, ஆளுநர் எதையெதை அதற்கு அனுப்பினார் என்று உங்கள் மாணவர்களை விட்டே ஒரு தகவல் உரிமை மனு போடச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை நான் எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.